மத்தியானம் கிளம்பி இருட்டுமுன் திரும்ப: தென்னாப்பிரிக்காவின் மிட்லண்ட்ஸ் காட்டுச் சாலைகளுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

முதல் தடவை நாங்கள் போன அன்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஜூன் மாதம், சனிக்கிழமை, பைன் மரத்தோட்டத்துக்குள் செம்மண் பாதையில் "இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரே ஒரு வளைவு" என்று போய்க்கொண்டே இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் மணி நாலே முக்கால், நுழைந்த கேட்டில் உள்ளங்கை அளவு பூட்டு தொங்குகிறது, கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை, பின்சீட்டில் மகளுக்குப் பசி. மூடும் நேரம் கேட்டோரப் பலகையில் எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. என் மனைவி படித்திருக்கிறாள், நானும் படித்திருப்பேன் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் காவலாளி ஒருவர் பக்கியில் வந்தார் (பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டியை இங்கே எல்லோரும் பக்கி என்றுதான் சொல்வார்கள்), ஒரு வார்த்தை திட்டாமல் திறந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்கப்புறம் வருடக்கணக்கில் இதே பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் (முழுப் பெயர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்) புதிதாக வேலைக்கு வந்திறங்குகிற நம் ஆட்கள், கடற்கரையும் மாலும் சலித்துப்போன மூன்றாவது மாதத்தில், "அந்தக் காட்டுப் பக்கம் எப்படிப் போவது, பயமில்லையா, பெரிய வண்டி வேண்டுமா" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். சாதாரணக் கார், சாதாரணக் குடும்பம், மத்தியானம் சுற்றிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுக்குத்தான் இந்தக் குறிப்பு. மலைச்சரிவில் ஃபோர் பை ஃபோர் ஏற்றுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

எந்தப் பக்கம்

க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் காடு பல இடங்களில் இருக்கிறது. புதியவர்களுக்கு நான் சொல்வது மிட்லண்ட்ஸ், அதிலும் ஹோவிக் ஊரை மையமாக வைத்துக்கொண்டு கார்க்லூஃப், கரீஸ் போஸ்ட், டார்கிள் பக்கங்கள். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஹோவிக் சுமார் 110 கி.மீ., மாரிட்ஸ்பர்க்கிலிருந்து 25 கி.மீ. சொச்சம். மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஹில்டனுக்கு ஏறும் மேட்டில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், மூடுபனி பிடிப்பதும் அங்கேதான், அதனால் அந்த 25 கி.மீட்டருக்கு இருபது நிமிடம் என்று கணக்குப் போட வேண்டாம்.

ஹோவிக்கில் ஊருக்குள்ளேயே 95 மீட்டர் அருவி. பெரும்பாலோர் அதைப் பார்த்து, படம் எடுத்து, ஆர்103 சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போய், 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலாவைக் கைது செய்த இடத்தில் 50 இரும்புத் தூண்களால் ஆன சிற்பத்தையும் பார்த்துவிட்டு (குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்றால் மட்டும் தூண்கள் சேர்ந்து அவர் முகமாகும், ஓரடி நகர்ந்தால் கலைந்துவிடும்) வீடு திரும்பிவிடுவார்கள். அதுவும் நல்ல நாள்தான். நாம் பேசுவது தார் முடிகிற இடத்திலிருந்து.

முதல் பயணத்துக்குக் கார்க்லூஃப் சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஹோவிக்கிலிருந்து தார்ச்சாலையாகவே கிளம்பி பால்பண்ணைகளுக்கும் மரத்தோட்டங்களுக்கும் நடுவே போகும், இரண்டு பக்கமும் மண்சாலைகள் பிரியும், எங்கே பயம் வந்தாலும் தாருக்குத் திரும்பிவிடலாம். பறவை பார்க்க மறைகுடில் கட்டிய சதுப்பு நிலம் அந்தப் பக்கம் இருக்கிறது, கொக்கு வகைகள் வரும். சனிக்கிழமை காலையில் விவசாயிகள் சந்தை ஒன்று கூடும், சீக்கிரம் கிளம்ப முடிந்தால் அங்கே போய் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டே, "இந்த வாரம் மண்சாலை எப்படி இருக்கிறது" என்று ஒரு பண்ணைக்காரரைக் கேட்டுவிடலாம். எந்தக் கைப்பேசி வரைபடமும் அந்தப் பதிலைத் தராது.

யாருடைய சாலை

புதியவர்கள் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் சுற்றியவர்களுக்கு மிட்லண்ட்ஸைப் பார்த்ததும் "அட, நம்ம ஊர்" என்று தோன்றும். தோன்றாமல் எப்படி இருக்கும், நட்டதெல்லாம் அதே மரங்கள். நாம் சீகை மரம் என்கிறோமே, அதை இங்கே வாட்டில் என்பார்கள். ஆஸ்திரேலிய விதை, 1864-இல் காம்பர்டவுன் பக்கம் கொண்டுவந்து போட்டது, பட்டையைத் தோல் பதனிட உரிப்பார்கள். நாம் கற்பூர மரம் என்பது இங்கே கம் மரம். பைன் எங்கேயும் பைன்தான். ஆக, மரங்கள் கோடு போட்டது மாதிரி வரிசையில் நின்றால் அது காடு இல்லை, தோட்டம். யாரோ நட்டிருக்கிறார்கள், யாரோ வெட்டப் போகிறார்கள், உள்ளே போகிற பாதை அவர்களுடையது. வரிசை கலைந்து, கொடி தொங்கி, பாசி படிந்து, பள்ளத்தாக்கின் மடிப்பில் கரும்பச்சையாக ஒடுங்கியிருப்பதுதான் இந்த மண்ணின் சொந்தக் காடு. மூடுபனியைக் குடித்தே வாழும் காடு அது. யெல்லோவுட் என்கிற இந்த நாட்டின் தேசிய மரம் அதில்தான் நிற்கும். அந்த மரங்களை முந்தைய நூற்றாண்டுகளில் உத்தரத்துக்கும் மாட்டுவண்டிக்கும் வெட்டித் தீர்த்தார்கள், மிச்சம் இருப்பதைத்தான் நாம் இப்போது பார்க்கிறோம்.

சாலைகளுக்கு இங்கே எழுத்து உண்டு. ஆர் என்று தொடங்கினால் பெரிய வட்டாரச் சாலை. பி என்றால் மாகாணச் சாலை, தார் போட்டதும் இருக்கும் போடாததும் இருக்கும். டி என்றால் மாவட்டச் சாலை, பெரும்பாலும் மண்ணும் சரளையும்தான், சந்திப்பில் சின்னப் பலகையில் டி போட்டு ஓர் எண் எழுதியிருக்கும். எல் என்பது குடியிருப்புகளுக்குள் போகும் உள்ளூர்ச் சாலை. முதல் ஐந்தாறு பயணங்களுக்கு டி சாலையை விட்டு விலகாதீர்கள். டி சாலை பொதுச் சாலை, யாரும் உங்களைத் தடுக்க முடியாது, யாரும் பூட்டவும் மாட்டார்கள். எழுத்தும் எண்ணும் இல்லாத பாதை, அது எவ்வளவு அகலமாக, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு பண்ணைக்கோ மரக் கம்பெனிக்கோ சொந்தமானது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி வரைபடத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தோட்டத்துக்குள் மரம் ஏற்றப் போட்ட தடத்தையும் அது சாலை என்று காட்டும், "பத்து நிமிடம் மிச்சம்" என்று ஆசையும் காட்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆசைப்பட்டுத்தான் என் நண்பர் ஒருவர், மரமெல்லாம் வெட்டி முடித்து அடிக்கட்டைகள் மட்டும் நின்ற மொட்டைச் சரிவில் போய் முட்டிக்கொண்டு, அரைக் கிலோமீட்டர் பின்னோக்கியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.

தோட்டத்துக்குள் போக விரும்பினால் அனுமதி வாங்கிப் போகலாம். சில இடங்களில் கேட்டில் பதிவேட்டில் பெயரும் வண்டி எண்ணும் எழுதினால் போதும், சில இடங்களில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும். 105 மீட்டர் உயரமுள்ள கார்க்லூஃப் அருவிக்குக்கூட மரத்தோட்டம் வழியாகத்தான் வழி. எப்படியானாலும் மூடும் நேரத்தைப் படியுங்கள், படித்ததை வண்டியில் இருக்கிற எல்லோர் காதிலும் விழச் சத்தமாகச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் எங்கள் வண்டியில் அது மகளின் வேலை.

அப்புறம் பண்ணைக் கேட். மூடியிருந்ததைத் திறந்து போனால் திரும்ப மூடிவிட்டுப் போக வேண்டும். திறந்திருந்ததை மூடக் கூடாது, மாடு தண்ணீருக்குப் போகத் திறந்து வைத்திருப்பார்கள்.

மணிக் கணக்கு

சூரியனைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஜூன் மாதத்தில் ஐந்து மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும், டிசம்பரில் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பு. மறைந்த பிறகு அரை மணி வெளிச்சம் மிஞ்சுமே என்று நினைப்பீர்கள், பைன் மரங்களுக்கு நடுவே அந்த அரை மணி கிடையாது, உள்ளே முன்கூட்டியே இருட்டிவிடும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்புவது. குளிர்காலத்தில் மூன்று மணி. அருவி அடுத்த வளைவில் இருந்தாலும் சரி, மூன்று மணி என்றால் மூன்று மணி. போகும்போது நின்று நின்று போனதால் ஒன்றரை மணி ஆன தூரம் வரும்போது நாற்பது நிமிடத்தில் முடியலாம், முடியட்டுமே, மிச்ச நேரத்தில் ஹோவிக்கில் உட்கார்ந்து டீ குடியுங்கள். தவறிப்போகும் நாளில் அந்த மிச்சம்தான் காப்பாற்றும்: ஒரு டயர் மாற்றப் புதியவருக்கு முக்கால் மணி, வழி தவறித் தேட அரை மணி.

ஆக, டர்பன்காரர்கள் பதினோரு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். மாரிட்ஸ்பர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம், கொடுத்து வைத்தவர்கள்.

எந்த மாதம்

கோடையில், அதாவது நம் ஊரில் மார்கழி தை என்கிற காலத்தில், காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், இரண்டு மூன்று மணிக்கு மலைப்பக்கம் கருமேகம் எழும்பும், நாலு மணிக்கு இடி. சில நாள் ஆலங்கட்டியும் சேர்ந்து வரும், எலுமிச்சம்பழ அளவு விழுந்து கார்க் கூரையெல்லாம் அம்மை போட்டது மாதிரி ஆனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் ஹோவிக்கில் பெட்ரோல் பங்க் கூரைக்கடியில் கார்கள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கோடையில் போவதானால் இடிக்கு முன் தாருக்கு வந்துவிடுங்கள். மழை பெய்த செம்மண் சாலை சோப்பு தடவிய தரை, பிரேக்கை மிதித்தால் வண்டி தன்னிஷ்டத்துக்குப் போகும். மாட்டிக்கொண்டால் மேடான, சமமான இடத்தில் ஓரமாக நிறுத்தி மழை விடும்வரை காத்திருங்கள், கம் மரத்தடியில் மட்டும் வேண்டாம், காற்றில்லாமலே கிளை முறித்துப் போடுகிற மரம் அது.

ஓடையைக் கடக்கும் தாழ்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் கதை முடிந்தது, திரும்புங்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கிற தண்ணீர்தானே என்று தோன்றும். ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தால் சின்னக் காரைத் தூக்கிவிடும்.

குளிர்காலம் (மே முதல் ஆகஸ்ட் வரை) எனக்குப் பிடித்த காலம். மழை கிடையாது, சாலை காய்ந்து கெட்டியாக இருக்கும், வெயில் இதமாக இருக்கும். ஆனால் நெருப்பு. புல் முழுக்கக் காய்ந்து வைக்கோலாகிக் கிடக்கும், அதன் மேல் மலைப்பக்கத்திலிருந்து பெர்க் விண்ட் என்கிற சூடான காற்று அடித்தால் ஒரு பொறி போதும். தீ அபாயத்தை நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தில் சொல்வார்கள். ஆரஞ்சும் சிவப்பும் ஆன நாளில் தோட்டங்களுக்குள் விட மாட்டார்கள், விட்டாலும் போகாதீர்கள். காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, சூடான சைலன்ஸர் கீழே உரசிப் பற்றிக்கொள்ளும். சின்ன கேஸ் அடுப்பு கொண்டுபோய் டீ போடலாமா என்று கேட்காதீர்கள், ஃப்ளாஸ்க் கொண்டுபோங்கள்.

வண்டி

உயரமான வண்டி இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. காய்ந்த டி சாலையில் சின்ன ஹேட்ச்பேக் தாராளமாகப் போகும். தடத்தின் நடுவே புல் முளைத்து மேடாகி, அடிவயிற்றில் தட்டும் சத்தம் கேட்டால் அது உங்கள் காருக்கான பாதை இல்லை, திரும்புங்கள்.

மாற்றுச் சக்கரத்தைக் கிளம்புவதற்கு முந்தின நாள் எடுத்துப் பாருங்கள். இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, திருட்டைத் தடுக்கிற தனிவகை நட்டு போட்ட வண்டியென்றால் அதற்கான சாவி எந்த டப்பாவில் இருக்கிறது என்றும் பாருங்கள். அந்தச் சாவியை வீட்டு மேஜையில் விட்டுவிட்டு நாங்கள் நடுக்காட்டில் மாற்றுச் சக்கரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்ற கதை தனி. பல கார்களில் மாற்றுச் சக்கரம் மெலிந்த தற்காலிகச் சக்கரமாக இருக்கும், அதில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, சரளையில் அதைவிட மெதுவாக.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண்சாலையில் டயர், கண்ணாடி, அடிப்பகுதி சேதமானால் காப்பீடு இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கும்.

பெட்ரோலை ஹோவிக்கிலேயே நிரப்பிவிடுங்கள். ஆள்தான் ஊற்றுவார், கண்ணாடியும் துடைத்துக் கொடுப்பார், சில ராண்ட் கையில் கொடுப்பது வழக்கம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், டார்ச், ஒரு கம்பளி (ஜூனில் நாலரை மணிக்கே நடுங்கும்), கயிறு. சாப்பாட்டுக்குப் புளிசாதத்தை விடச் சிறந்தது உலகில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா, தாத்தாவின் அப்பா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான், இருந்தாலும் நான் கட்டுச்சோறு என்று சொன்னதும் சிரித்துக்கொண்டு "அதான் பட்கோஸ்" என்றார். பட்கோஸ் ஆப்பிரிக்கான்ஸ் வார்த்தை, வழிச்சாப்பாடு.

ஓட்டும்போது

இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம், அந்தத் தலைவலி இல்லை. சரளையில் 40, மிஞ்சிப் போனால் 50. சலவைப் பலகை மாதிரி வரிவரியாக எழும்பிய இடத்தில் வேகமாகப் போனால் குலுக்கல் குறைகிறதே என்று கண்டுபிடிப்பீர்கள், எல்லோரும் கண்டுபிடிப்பதுதான், அந்த வேகத்தில் டயர் மண்ணைத் தொடுவதே பாதி நேரம்தான் என்பதை வளைவில் கண்டுபிடிப்பீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போங்கள். எதிரே வண்டி வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி மெதுவாகப் போங்கள், கல் தெறித்து கண்ணாடி விரிசல் விடுவது அப்போதுதான்.

மர லாரி. இங்கே பாரம் ஏற்றிய லாரி சட்டப்படியே 56 டன் வரை இருக்கலாம். இறக்கத்தில் அதனால் நிற்க முடியாது, நிற்கச் சொல்லி நீங்கள் விளக்குப் போட்டுக் காட்டுவதில் அர்த்தமும் இல்லை. தூரத்தில் புழுதி எழும்புவதைப் பார்த்ததும், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, அது போய் புழுதி அடங்கும்வரை நில்லுங்கள். பின்னால் இன்னொன்று வரும், அதற்கும் சேர்த்து.

மாடு, ஆடு, பள்ளிப் பிள்ளைகள், தலையில் விறகுக் கட்டோடு நடக்கிற பெண்கள், எல்லோரும் சாலையில் இருப்பார்கள். அவர்கள் மேல் புழுதி அடிக்காமல் மெதுவாகப் போய்க் கையைத் தூக்கிக் காட்டுங்கள், பத்தில் ஒன்பது பேர் திரும்பக் காட்டுவார்கள்.

வழி கேட்பது, வழி தவறுவது

முதலில் வணக்கம், அப்புறம்தான் கேள்வி. ஒருவர் என்றால் "சவுபோனா", பலர் என்றால் "சனிபோனானி", பெரியவரானால் "பாபா" சேர்த்துக்கொள்ளுங்கள். வயதான அம்மாவை "கோகோ" என்று கூப்பிடலாம், பாட்டி என்று அர்த்தம். நடுத்தர வயதுப் பெண்ணை "மாமா" என்பார்கள். ஆம், மாமா. என் மைத்துனன் வந்திருந்தபோது, காய் விற்கிற பெண்மணியை நான் மாமா என்று கூப்பிட்டதைக் கேட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தான். முடிவில் "ங்கியபோங்கா", நன்றி.

"இது ஹோவிக் போகுமா" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றே பதில் வரும், நம் ஊரிலும் இதே கதைதானே, எல்லாச் சாலையும் சுற்றி வளைத்து ஹோவிக் போகத்தான் செய்யும். "ஹோவிக்குக்கு எந்த வழி" என்று கேட்டுவிட்டுக் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள்.

தாரை விட்டு இறங்கும் இடத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். தூரமானியைச் சுழியத்துக்குத் திருப்புங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டிலோ நண்பரிடமோ "இந்த டி எண்ணில் இறங்குகிறேன், ஆறு மணிக்குள் கூப்பிடாவிட்டால் நீ கூப்பிடு" என்று ஒரு செய்தி அனுப்புங்கள், ஏனென்றால் அதற்கப்புறம் பள்ளத்தில் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முந்தின நாள் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்துப் படம் எடுங்கள், போகிற வழியைப் பார்த்து இல்லை, திரும்பும்போது உங்கள் கண்ணுக்குத் தெரியப் போவது அந்தப் பக்கம்தான். பைன் தோட்டத்தில் எல்லா முக்கும் ஒரே முக்கு மாதிரி இருக்கும். ஒரு துண்டுக் காகிதத்தில் தூரத்தோடு எழுதிக்கொண்டே போங்கள்: 4.2 இடம், 7 வலம், 9.6 வலம். திரும்பும்போது கடைசி வரியிலிருந்து தொடங்கி, இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் படிக்க வேண்டும். காகிதம் எதற்கு என்று சிரிப்பவர்கள் கைப்பேசி சூடாகி அணையும்வரை சிரிப்பார்கள்.

தோட்டத்துக்குள் அனுமதியோடு போனால், மரங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பலகை வைத்திருப்பார்கள். கடைசியாகப் பார்த்த பலகையைப் படம் எடுத்து வையுங்கள். உதவி கேட்டுக் கூப்பிட நேர்ந்தால் "பெரிய பாறை பக்கத்தில்" என்று சொல்வதை விட அந்த எண்ணைச் சொன்னால் நேராக வந்துவிடுவார்கள்.

தவறிவிட்டது என்று தெரிந்ததும் நிறுத்துங்கள். புதுத் திருப்பம் எதிலும் ஏறாதீர்கள், கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். அது மேட்டில் இருந்தால் சிக்னலும் கிடைக்கும். காவல்துறை 10111, ஆம்புலன்ஸ் 10177, கைப்பேசியிலிருந்து எதற்கானாலும் 112.

பயத்தைப் பற்றி

இதைப் பேசாமல் விட்டால் யோக்கியமாக இருக்காது. நம் ஆட்களிடம் கேட்டால் பாதிப் பேர் "போகவே போகாதே" என்பார்கள், மீதிப் பேர் "ஒன்றும் ஆகாது" என்பார்கள். இரண்டையும் நான் நம்புவதில்லை. பகல் வெளிச்சத்தில், கதவு பூட்டி, பையும் கைப்பேசியும் சீட்டில் தெரியாமல் வைத்து, முடிந்தால் இரண்டு வண்டியாகப் போங்கள். முதல் தடவை கட்டாயம் இரண்டு வண்டி. யாரும் இல்லாத காட்சி முனையில் ஒற்றைக் கார் சும்மா நின்றுகொண்டிருந்து, அதில் ஆட்கள் உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை என்றால் இறங்க வேண்டாம், அடுத்த காட்சி முனை இருக்கிறது. இருட்டிய பிறகு சாலையில் கல்லோ கட்டையோ கிடந்தால் இறங்கி நகர்த்தாதீர்கள், திரும்பி ஆள் நடமாட்டம் உள்ள பண்ணைக்கோ கடைக்கோ போங்கள். என்3-இல் வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடுவது என் பழக்கம்.

இறங்கி நடக்கும்போது

சொந்தக் காட்டோரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். இதற்காகத்தான் இவ்வளவு பாடும். பச்சைப் பறவை ஒன்று கிளையிலிருந்து கிளம்பும், லூரி என்பார்கள், இறகு விரிந்ததும் உள்ளே ரத்தச் சிவப்பு. மேலே கிளையில் சமாங்கோ குரங்கு கூட்டமாகப் போகும், அது கூச்சக்காரக் குரங்கு. வெர்வெட் என்கிற சாம்பல் குரங்கு அப்படி இல்லை, ஜன்னல் திறந்திருந்தால் புளிசாதம் போயிற்று.

நடப்பதானால் மூடிய ஷூ, நீளமான பேன்ட். பஃப் ஆடர் என்கிற தடித்த பாம்பு வெயிலில் பாதையிலேயே படுத்திருக்கும். காலடிச் சத்தம் கேட்டால் விலகிப் போகும் ஜாதி இல்லை அது, அப்படியே கிடக்கும், மிதித்தாலோ ரொம்ப நெருங்கினாலோ கடிக்கும், ஆகவே கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

பாம்பை விட எனக்குக் கவலை உண்ணி. உயரமான புல்லில் நடந்துவிட்டு வந்தால் வீட்டில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், நெருப்பு வைப்பது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தலைவலியும் காய்ச்சலும் வந்து, உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கோடு ஒரு புண் தெரிந்தால் டாக்டரிடம் போய் "காட்டுப் பக்கம் போனேன், உண்ணி கடித்திருக்கலாம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், இங்கே அது தெரிந்த காய்ச்சல்தான், மருந்து உண்டு. சும்மா ஃப்ளூ என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு நான் நான்கு நாள் படுத்திருந்தேன். அந்த நான்கு நாள் தேவையே இல்லை.